தரையிறங்க எத்தனை வேகம்?

வானத்தில் விமானத்துக்கு வேகம்தான் உயிர். அப்படியானால் தரையிறங்கும்போது கொஞ்சம் வேகமாகவே வந்தால் இன்னும் பத்திரம்தானே? பறக்கப் பழகுகிறவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. ஒற்றை எஞ்சின் சிறு விமானங்களில் ஆபத்து இந்த நினைப்பில்தான் தொடங்குகிறது.

உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் பறக்கும் செஸ்னா 172 விமானத்தின் ‘எஸ்’ ரகத்தை எடுத்துக்கொள்வோம். முழுச் சுமையோடு அதன் எடை 1,157 கிலோ. இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃபிளாப்களை முழுதாக இறக்கி, வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால், வேகமானி 40 நாட் காட்டும்போது இறக்கை ‘ஸ்டால்’ ஆகிவிடும். மேற்பரப்பைத் தழுவி ஓடும் காற்று, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மிகவும் கூடிவிட்டதால் பிரிந்து விலகும். விமானத்தைத் தாங்கும் விசை சட்டென்று சரியும். தரையிறங்க வரும் வேகம் இதைப்போல் 1.3 மடங்கு இருக்க வேண்டும் என்பது விமானிகளின் பாலபாடம். 40-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 52. ஆனால் குறுகிய ஓடுபாதைக்கு விமானத்தின் கையேடு சொல்வதோ 61!

கையேடு தவறவில்லை, முள்தான் குறைத்துக் காட்டுகிறது. எதிர்க்காற்றை வாங்கி வேகத்தை அளக்க இறக்கைக்கு அடியில் ஒரு சிறு குழாய் இருக்கிறது. மூக்கு உயர்ந்த நிலையில் காற்று அதன் வாயில் சாய்வாக மோதுவதால் அளவு குறைந்துபோகிறது. பிழையைத் திருத்திப் பார்த்தால் ஸ்டால் வேகம் 47, 48 நாட். அதன் 1.3 மடங்குதான், ஏறத்தாழ, அந்த 61. எவ்வளவு நேர்த்தியான கணக்கு!

இனி, பத்திரத்துக்காக என்று 70 நாட்டில் வருகிறார் ஒருவர். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஒன்பது நாட் கூடியதற்கு ஆற்றல் 30 சதவீதத்துக்குமேல் கூடிவிடுகிறது. சக்கரம் தரையைத் தொடாமல் விமானம் ஓடுபாதைக்கு மேல் மிதந்துகொண்டே போகிறது. பாதை தீர்கிறதே என்று பதறி மூக்கை அழுத்தினால் முன்சக்கரம் முதலில் மோதும், விமானம் துள்ளும். இரண்டாவது, மூன்றாவது துள்ளலில் முன்சக்கரக் கால் மடங்கி, புரொப்பெல்லர் தரையில் அடிபடவும் கூடும்.

எடை குறைந்தால் எண்ணும் குறைய வேண்டும். விமானி தனியாகப் பறந்து எடை 925 கிலோவாக இருந்தால், 61-க்குப் பதில் 55 நாட் போதும். வேகத்தைக் கூட்ட நியாயமான காரணம் காற்று வீச்சு. 12 நாட் காற்று இடையிடையே 20-ஆக எகிறினால், வித்தியாசத்தில் பாதி, அதாவது 4 நாட் சேர்த்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவின் கொலராடோவில், 3,000 மீட்டருக்குமேல் உயரத்தில் இருக்கிறது லெட்வில் விமான நிலையம். அங்கே காற்று அடர்த்தி குறைவு. முள் 61 காட்டும்போது விமானம் உண்மையில் 71 நாட் வேகத்தில் வந்துகொண்டிருக்கும். தரை விரைந்தோடுவதைக் கண்டு வேகத்தைக் குறைக்கக் கை பரபரக்கும். குறைக்கவே கூடாது, இறக்கைக்கு வேண்டியது முள் காட்டும் அந்த 61தான்.