மக்காத சருகு: பால்மேற்றன் காட்டு மண்ணும் அதன் சிற்றுண்ணிகளும்

காடு என்றதும் இலக்கிய மாணவராகிய நமது மனத்தில் எழுவன மரமும் புள்ளும் விலங்குமே. கருப்பொருளை வகுத்த பண்டை இலக்கணகாரரும் நிலத்தின் மேல் கண்ணுக்குப் புலனானவற்றையே எண்ணினர். காலடியிற் கிடக்கும் சருகு யாரால், எவ்வாறு மண்ணாக்கப்படுகின்றது என்பது நமது துறையின் வினாவாக இருந்ததில்லை. ஆயினும், கைத்தொழில் முதலாளித்துவம் இயற்கைக்கு இழைத்த ஊறுகளைப் பற்றிப் பேச முற்படுவோர் அவ்வினாவைத் தவிர்த்துச் செல்லல் இயலாது.

சருகை மண்ணாக்கும் உழைப்பிற் பெரும்பங்கு பூஞ்சணங்களுக்கும் பற்றீரியாக்களுக்கும் உரியது. அவற்றோடு இணைந்து தொழிற்படுவன சிற்றுண்ணிகள். கால்நடைகளின் குருதியை உறிஞ்சும் உண்ணிக்கு இவை உறவினவாயினும், மண்ணில் வாழும் ஒரிபாட்டிட் என்னும் பிரிவைச் சார்ந்தவை சருகையும் பூஞ்சணத்தையுமே உண்பன. பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்தவை. மிதவெப்பக் காடொன்றின் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் இவை பல்லாயிரக் கணக்கில் வாழ்கின்றன. 1905இல் இத்தாலியரான பெர்லேசே வகுத்த எளிய முறையே, பின்னர் திருத்தம் பெற்று, இவற்றை எண்ணுவதற்கு இன்றும் பயன்படுகின்றது: புனலொன்றில் மண்ணை இட்டு மேலிருந்து வெப்பமூட்டினால், வறட்சிக்கு அஞ்சி அவை கீழிறங்கிக் குப்பியில் வீழும். இவை சருகைத் துணிக்கைகளாக்குகின்றன. பூஞ்சண வித்திகளைப் பரப்புகின்றன. இவற்றின் கழிவே மண்ணின் நுண்ணமைப்பாகின்றது.

இவ்வுயிர்களின் வாழ்வு மந்தமானது என்பதை இங்கு அழுத்திக் கூறல் வேண்டும். அவை இடும் முட்டைகள் சில. முதிர்வதற்குப் பல மாதங்களும், குளிர்நாடுகளில் ஓராண்டுக்கு மேலும் செல்லும். அழிந்த கூட்டமொன்று விரைவில் மீளாது.

இனி, ஒரு நிலத்தை எடுத்து நோக்குவோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லீஹாய் ஆற்றங்கரையில், 1898இல் நியூ ஜேர்சி துத்தநாகக் கம்பனி தனது உருக்காலையை நிறுவியது. அதனைச் சூழ எழுந்த ஊருக்குக் கம்பனித் தலைவரின் பெயரே இடப்பட்டது. ஊரின் பெயரும் உடைமையாளனின் பெயரும் ஒன்றாயிருப்பது தற்செயலன்று. 1980இல் துத்தநாகம் உருக்குதல் நிறுத்தப்பட்டபோது, அண்டையிலுள்ள நீல மலையின் சரிவில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் வெறும்பாறை நிலமாகி இருந்தது. 1983இல் அந்நிலம், நச்சு நீக்கம் வேண்டப்படும் இடங்களின் கூட்டாட்சிப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

மலை மொட்டையானதை யாவரும் கண்டனர். சருகினுள் நிகழ்ந்ததை அறிய ஆய்வு வேண்டியிருந்தது. 1973இல் வெளியான ஆய்வொன்று, ஆலையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் மேற்படை மண்ணில் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை துத்தநாகம் இருந்ததைக் காட்டிற்று. கட்மியமும் ஈயமும் செம்பும் அதனோடு கலந்திருந்தன. 1978இல் ஸ்ற்றோஜன் வெளியிட்ட ஆய்வுகள், ஆலையருகே உள்ள சருகையும் சுமார் 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சருகையும் ஒப்பிட்டன. ஆலையை அணுகுந்தோறும் சருகு மக்கும் வேகம் குன்றியது. சிற்றுண்ணிகள் உள்ளிட்ட கணுக்காலிகள் அருகின. மக்காத சருகு தரையிற் குவிந்து கிடந்தது. சருகு மிகுந்திருப்பதை வளத்தின் அடையாளமென மேலோட்டமாக நோக்குவோர் கொள்ளக்கூடும். உண்மையில் அது அடைபட்ட கருவூலம்: வேருக்குத் திரும்ப வேண்டிய ஊட்டம் அதனுள்ளே சிறைப்பட்டுக் கிடக்கின்றது.

இங்குத் தலைகளை எண்ணுதல் மட்டும் போதாது. உலோகத்தால் மாசுற்ற நிலங்கள் பலவற்றில் ஒப்பியெல்லா நோவா போன்ற மிகச் சிறிய, தாங்குதிறன் வாய்ந்த இனங்கள் எஞ்சி நிற்பதுண்டு; எஞ்சிய இனங்கள் பெருகி மொத்தத் தொகையைக் காப்பாற்றியும் விடலாம். பல இனங்கள் மறைந்த பின்னரும் கூட்டுத்தொகை ஆறுதலளிக்கும். சராசரி வருமானத்தைக் காட்டி வறுமையை மறைக்கும் பொருளியல் வித்தகரை இது நினைவூட்டுகின்றது. மேலும், நஞ்சு எப்பொழுதும் கொன்றே வெல்வதில்லை. பிளாற்றினோத்திரஸ் பெல்ற்றிஃபர் என்னும் இனத்தை வைத்து ஒல்லாந்தில் 1980களின் இறுதியில் நிகழ்த்திய சோதனைகள், உயிரைப் பறிக்காத அளவு கட்மியமே அதன் முட்டையிடும் ஆற்றலைக் குறைப்பதைக் காட்டின. இன்று உயிரோடிருக்கும் கூட்டம் நாளைய தலைமுறையை இழந்துகொண்டிருக்கலாம்.

மனிதனுக்கும் மண்ணுக்குமிடையிலான அனுசேபத்தை முதலாளித்துவ உற்பத்தி குலைக்கின்றது என்பதை மார்க்ஸ் 1867இல், லீபிக்கின் வேளாண் இரசாயனத்தைப் பயின்ற நிலையில், எடுத்துரைத்தார். அவர் கருதியது நகரத்துக்குச் சென்று மண்ணுக்குத் திரும்பாத ஊட்டத்தை. பால்மேற்றனில் ஊட்டம் எங்கும் செல்லவில்லை. இருந்த இடத்திலேயே முடங்கியது. எனவே பழைய சூத்திரத்தை அப்படியே ஒப்புவித்தல் நமக்கு உதவாது.

பிறிதொரு சங்கடமான உண்மையையும் நாம் மறைத்தல் கூடாது. யூரல் மலைப்பகுதியில் ரெவ்டா நகருக்கு அணித்தாக 1940 முதல் இயங்கிவரும் செம்பு உருக்காலை, 1980இல் ஆண்டொன்றுக்கு இரண்டு இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட மாசை வெளியேற்றியது. அதன் அருகே மண்புழுக்கள் மறைந்தன. மக்காத சருகு தடித்தது. அங்கே தனியுடைமை இருக்கவில்லை; திட்டத்தின் தொன் கணக்கு இருந்தது. உடைமை வடிவம் மாறியமை மட்டும் மண்ணைக் காக்கவில்லை என்பதை ஏற்றுக்கொள்ளாத மார்க்சியம் எதிராளியின் குற்றங்களை மட்டும் எண்ணும் கணக்கேடாகவே எஞ்சும். 2010ஐ ஒட்டி அவ்வாலையின் உமிழ்வு பெருமளவு வீழ்ந்தது. மண்ணுயிர்கள் சில ஆலையை நோக்கித் திரும்பத் தொடங்கின. ஆயினும் உலோகம் மண்ணிலேயே தங்கியுள்ளது. கந்தக வாயு காற்றோடு கலைந்து போகும். உலோகமோ மக்கிய பொருளைப் பற்றிக்கொண்டு மேற்படையில், சிற்றுண்ணிகள் வாழும் அதே படையில், நிலைத்துவிடுகின்றது.

நீல மலையின் லீஹாய் கணவாய்ச் சரிவில் 2000களின் தொடக்கத்திலிருந்து சுண்ணாம்பும் உரமும் கலந்து புல் விதைக்கப்பட்டது. மரம் நடாமற் புல்லைத் தேர்ந்ததற்குக் காரணமுண்டு. பேர்ச் முதலான சில மரங்கள் வேரால் துத்தநாகத்தை உறிஞ்சி இலைக்கு அனுப்புகின்றன. இலையுதிர்காலந்தோறும் அவ்வுலோகம் சருகாக மீண்டும் தரையில் வீழ்கின்றது.