கல்லுடைத்த பள்ளத்தில் கொம்பன் ஆந்தை

சென்னையின் சாந்தோமில் போர் போட்டால் மணல் வரும். தியாகராய நகரில் களிமண். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் போட்டால் துளையிடும் எந்திரம் பாறையில் மோதி அலறும். அந்தப் பாறை தரைக்கு மேலே தலைகாட்டும் இடங்கள்தான் பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் குன்றுகள். வேளச்சேரி–தாம்பரம் சாலையில், மேடவாக்கம் அருகே உள்ள நன்மங்கலம் காப்புக்காடும் அதே பாறையின் மேல்தான் இருக்கிறது.

பரப்பு சுமார் 320 ஹெக்டேர். முள்ளும் புதருமான காடு. உள்ளே, ஒரு காலத்தில் கருங்கல் வெட்டியெடுத்துக் கைவிட்ட குவாரிப் பள்ளங்கள். ஏறத்தாழ 85 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியுள்ளன. கல் போன இடத்துக்கு இத்தனை உயிர்கள் எப்படி வந்தன?

விடை அந்தக் கல்லிலேயே இருக்கிறது. ஊரார் கருங்கல் என்பதை நிலவியலார் சார்னோக்கைட் என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை கொல்கத்தாவின் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் உள்ளது. அந்தக் கல்லறைக்கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, அது பரங்கிமலை–பல்லாவரம் பகுதிப் பாறையோடு ஒத்துப்போவதைக் கண்டு, 1893-இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்குச் சூட்டினார். அண்டார்டிகாவில் கிடைத்தாலும் இன்று அதற்கு அதுதான் பெயர்.

வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமியின் ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில், நீர்ச்சத்து மிகக் குறைந்த சூழலில் உருவான பாறை இது. அதற்கு அடையாளமாக ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இதில் இருக்கும். புதிதாக உடைத்த முகம் எண்ணெய் தடவியதுபோல் கருநீலமாகப் பளபளக்கும்.

கெட்டியான கல் என்பதால்தான் குவாரி வந்தது. கெட்டி என்பதால்தான் வெட்டிய சுவர் சரியாமல் செங்குத்தாக நிற்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் பள்ளமும், விரிசல் வழியே கசிவது போக, சட்டென வற்றிவிடுவதில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டது கொம்பன் ஆந்தை. அது கூடு கட்டாது. பாறைத் திட்டில் வெறுந்தரையிலேயே முட்டையிடும். நாய் எட்ட முடியாத வெட்டுச்சுவர் அதற்கு மலைப்பாறை மாதிரிதான். முக்கிய இரை எலி. குடியிருப்புகள் சூழ்ந்த இடத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

தண்ணீர் மீன்கொத்திகளின் பங்கு. கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் சிறகடித்து நின்று, குறிபார்த்துத் தலைகீழாகப் பாயும். கரையோரத் திறந்த வெளியில் ஆள்காட்டி, புதருக்குள் கவுதாரி. தரையில் முளைக்கும் அரிய ஆர்க்கிட் செடிகளும் இங்கே உண்டு.

நீரைத் தேக்கிவைக்கும் இந்தக் குணத்தால் மனிதர்களும் பயன் பெற்றிருக்கிறார்கள். 2017 வறட்சியில், மாங்காடு அருகே சிக்கராயபுரம் குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்கு அனுப்பியது குடிநீர் வாரியம். ஆனால் இத்தகைய பள்ளங்களில் குளிக்க இறங்குவது ஆபத்து. ஏரிக்கரைபோல் சரிவு கிடையாது. ஓரத்திலேயே ஆளை மூழ்கடிக்கும் ஆழம் இருக்கும்.

நன்மங்கலம் காப்புக்காடு என்பதால் உள்ளே போக வனத்துறையின் அனுமதி வேண்டும். பாறையை மட்டும் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குப் பரங்கிமலை இருக்கிறது: அங்குள்ள சார்னோக்கைட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.