தேகபலம் – 9: சாளை மீனும் சுப்பாராவும்

புரதக் கணக்கு சென்ற வாரமே முடிந்துவிட்டது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்ற பொது அளவையும், பளு தூக்குகிறவர்களுக்கு அது எதுவரை உயரலாம் என்பதையும் தொடர்ந்து வாசிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த வாரம் வே புரோட்டீன் டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதை வாசிக்கும் முறையைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அதற்கான குறிப்புகளைத் தேடிக்கொண்டிருந்த வேளையில் கிரியாட்டின் என்னும் இன்னொரு தூளின் சரித்திரம் குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் இடங்கொடுக்கவில்லை.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் உள்ள ஜிம்களுக்குள் மாலை வேளையில் நுழைகிறவர்களுக்கு, தண்ணீரில் கலக்கிக் குடிக்கப்படும் அந்த மணமற்ற வெள்ளைத் தூளைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் காதில் விழும். “அது ஸ்டீராய்டு மக்களே, கிட்னி போயிரும்” என்பது ஒன்று. “அது இல்லாம வெயிட்டு ஏறாது” என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. கிரியாட்டின் ஸ்டீராய்டு இனத்தைச் சேர்ந்ததன்று; மூன்று அமினோ அமிலங்களைக் கொண்டு சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து நம் சரீரத்துக்குள்ளேயே நித்தமும் தயாரிக்கிற பொருள் அது. 70 கிலோ எடையுள்ள மனிதனிடம் ஏறக்குறைய 120 கிராம் கிரியாட்டின் இருக்கிறது; அதில் 95 சதவீதம் தசைகளில் தங்கியிருக்கிறது; நாளொன்றுக்குச் சுமார் 2 கிராம் சிதைந்து, கிரியாட்டினின் என்னும் கழிவாகிச் சிறுநீரில் வெளியேறுகிறது. இந்த நஷ்டத்தில் ஏறக்குறைய பாதியைச் சரீரமே ஈடுசெய்ய, மறுபாதி மீனிலிருந்தும் மாமிசத்திலிருந்தும் வந்து சேருகிறது.

1832ஆம் ஆண்டில் இதை மாமிசச் சாற்றிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் செவ்ரல் என்னும் பிரெஞ்சு ரசாயன அறிஞர். (அவர் 102 வயது வரை வாழ்ந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், 1786இல் பிறந்து 1889இல் மறைந்த அவர், தேகபலத்தைப் பற்றிய தொடரில் இடம்பெற இரட்டைத் தகுதி உடையவர்.) 1847இல் ஜெர்மானிய அறிஞர் லீபிக், வேட்டையில் ஓடிக் களைத்து மடிந்த காட்டு நரிகளின் தசையில், அடைத்து வளர்க்கப்பட்ட நரியின் தசையில் இருந்ததைவிடப் பன்மடங்கு கிரியாட்டின் இருக்கக் கண்டார். உழைக்கும் தசைக்கும் இப்பொருளுக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தச் சம்பந்தம் இன்னதென்று உலகம் அறிவதற்கு மேலும் 80 ஆண்டுகள் ஆயின. அதை அறிந்து சொன்ன இருவரில் ஒருவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியின் மாணவர்.

யெல்லப்பிரகட சுப்பாராவ் 1895இல் அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, பின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவர், காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவைக் கூடத்திலும் கதராடையையே உடுத்திச் சென்றமையால் தம் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேற நேர்ந்தது. ஸ்பரூ என்னும் குடல் நோய் அவருடைய சகோதரர் இருவரைக் கொண்டுபோயிற்று. அதே நோய் அவரையும் பற்றியபோது டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையால் பிழைத்தார். பிழைத்த நன்றியோடு சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்றியல் போதித்தார். 1922இல் பாஸ்டன் நகரை அடைந்தபோது கையில் பணமில்லை. இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் படித்தார்.

அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்னும் ஆசிரியரோடு சேர்ந்து, ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரஸை நீல நிறத்தின் ஆழத்தைக் கொண்டு அளக்கும் முறையொன்றை வகுத்து 1925இல் வெளியிட்டார். உலகெங்கும் பரிசோதனைச் சாலைகளில் அது இருவர் பெயராலும் வழங்கலாயிற்று. அம்முறையைத் தசைச் சாற்றில் பிரயோகித்தபோதுதான் விநோதம் நிகழ்ந்தது. மற்றத் திரவங்களில் உடனே தோன்றும் நீலம், இங்கே தயங்கித் தயங்கி, மெதுவாக ஏறிற்று. முறையில் பிழை என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். இவர்களோ, நிறம் ஏன் தாமதிக்கிறது என்று கேட்டார்கள். பாஸ்பேட் தனியாக இல்லாமல் வேறொன்றோடு பிணைந்திருந்து, அமிலம் பட்டுச் சிறுகச் சிறுக விடுபடுவதே தாமதத்தின் காரணம் என்றும், அந்த வேறொன்று கிரியாட்டினே என்றும் 1927இல் கண்டு சொன்னார்கள். பாஸ்போகிரியாட்டின் அறியப்பட்டது இவ்விதமே. அதே காலத்தில் லண்டனில் எக்கிள்டன் தம்பதியரும் இப்பொருளைத் தனியே கண்டிருந்தனர். லாக்டிக் அமிலமே தசையை இயக்குகிறது என்று கருதி ஹில்லுக்கும் மேயர்ஹோஃபுக்கும் 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு அளிக்கப்பட்டிருந்த காலம் அது. சில ஆண்டுகளுக்குள் அக்கொள்கை ஆட்டங்கண்டது. 1929இல் ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருளையும் ஃபிஸ்கும் சுப்பாராவும் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அவ்வாண்டே அதைக் கண்டார். இத்தனைக்கும் ஹார்வர்ட் சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி அளிக்கவில்லை. 1940இல் லெடர்லே நிறுவனத்துக்குச் சென்ற சுப்பாராவ், சகோதரர்களைப் பலிகொண்ட ஸ்பரூவைத் தணிக்கும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை வழிநடத்தி, 1948இல் 53 வயதில் காலமானார். ஜிம்மில் அந்த டப்பாவைத் திறக்கும் ஒவ்வோர் இளைஞனும் இந்தப் பெயரை அறிந்திருக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

அவர் கண்ட பொருளின் தொழிலை இனிச் சுருக்கமாகச் சொல்லலாம். தசையில் சேமிப்பாக இருக்கும் ஏ.டி.பி. இரண்டு மூன்று விநாடி உழைப்புக்கே போதும். அது தீரத் தீரப் பாஸ்போகிரியாட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து மீண்டும் அதை உண்டாக்குகிறது. இந்த உதவி சுமார் பத்து விநாடி நிற்கும். ஆகவே பளுவை ஏழெட்டு முறை தூக்குகிறவனுக்கு இத்தூளால் இன்னும் ஒன்றிரண்டு முறை தூக்க முடிகிறது. நெடுந்தூரம் ஓடுகிறவனுக்குப் பெரும் பயன் இல்லை. தூள் உண்டால் தசையின் இருப்பு உயரும் என்பதை 1992இல் ஹாரிஸும் அவருடைய சகாக்களும் நிரூபித்தார்கள்.

நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் போதும். அதை ஆகாரத்திலிருந்தே பெறலாமா? தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலிலிருந்து கொண்டுவரும் சூரையில் கிலோவுக்கு ஏறக்குறைய 4 கிராம் இருக்கிறது. நம் சாளைக்கு நெருங்கிய உறவான ஹெர்ரிங் மீனில் 6 கிராமுக்கு மேல். சமைக்கையில் கொஞ்சம் குறையும். நாள்தோறும் ஒரு கிலோ மீன் உண்ண யாராலும் ஆகாது. ஆனால் சாளைப் புளிமுளத்தோடு அவித்த மரச்சீனிக் கிழங்கு சாப்பிட்டு வளர்ந்த பையனின் தசையில் இருப்பு ஏற்கெனவே நன்றாகவே இருக்கும். மாவுச்சத்தோடு உண்ட கிரியாட்டின் தசைக்குள் அதிகமாகப் புகுகிறது என்பதை நினைக்கும்போது, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, மரச்சீனியைப் பரப்பப் பாடுபட்டதன் மூலம் இவ்வூர்ப் பயில்வான்களுக்கும் உபகாரம் செய்தார் என்றே தோன்றுகிறது. மீன் தொடாத குடும்பத்துப் பிள்ளைகளின் தசையில் இருப்பு குறைவு. ஆதலால் தூளின் பலன் அவர்களிடமே தெளிவாகத் தெரிகிறது.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடலாகாது. ஆரோக்கியமானவர்களுக்கு இந்த அளவில் தீங்கு காணப்படவில்லை. ஆனால் தூள் உண்பவரின் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு சற்று உயர்ந்து காட்டும். அதைச் சிறுநீரகக் கோளாறென்று மருத்துவர் ஐயுறக் கூடுமாதலால், பரிசோதனைக்குச் செல்லும்போதே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முதல் வாரத்தில் ஏறும் ஒன்றிரண்டு கிலோ, தசையில் சேர்ந்த நீரே. அதைக் கண்டு பூரித்து அளவை இரட்டிப்பவர்கள் காசைத்தான் கரைக்கிறார்கள்.

அச்சுக்கு அனுப்ப வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. வே புரோட்டீன் அடுத்த வாரத்துக்குப் போகிறது. முஞ்சிறைப் பக்கத்து ஆசான்மார் களரிப் பயிற்சிக்குக் கொடுக்கும் லேகியங்கள் அதற்கும் அடுத்த வாரத்துக்கு. அதுவரை, வீட்டில் டப்பா வைத்திருப்பவர்கள் அதன் மேல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரைக்கு அருகே 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள், அங்கிருந்தே தொடங்குவோம்.

(தொடரும்)