'தி கேட்சர் இன் தி ரை': ஒரே நாவல்... சிலருக்கு உயிர், சிலருக்கு வெறும் புலம்பல்! ஏன்?

பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு பையன், வீட்டுக்குப் போகாமல் நியூயார்க்கைச் சுற்றுகிறான். கதை அவ்வளவுதான். ஆனால், வெளியாகி 70 ஆண்டுகள் கடந்தும் ஜே.டி.சாலிஞ்சரின் இந்த நாவல் பற்றிய சண்டை ஓயவில்லை. "என்னைப் பத்தியே எழுதின மாதிரி இருக்கு" என்பார்கள் ஒரு தரப்பினர். "பணக்காரப் பையன் சும்மா புலம்பிக்கிட்டே இருக்கான், இதுல என்ன இருக்கு?" என்பார்கள் மறுதரப்பினர்.

கதை என்ன?

1951 ஜூலையில் வெளியான நாவல் இது. நாயகன் ஹோல்டன் கால்ஃபீல்டுக்கு 16 வயது. ஐந்து பாடங்களில் நான்கில் ஃபெயில். பள்ளியின் கடிதம் பெற்றோர் கைக்குக் கிடைக்கும் வரை வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று ஹோட்டல், பார், பூங்கா என அலைகிறான். ப்ரோக்ரஸ் ரிப்போர்ட்டை ஒளித்து வைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தப் பயம் புரியும்.

பிடிக்காதவர்கள் சொல்வது என்ன?

பெரிய திருப்பம் எதுவும் இல்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். எல்லாரையும் 'போலி' என்கிறவன், தானே வாய் கூசாமல் பொய் பேசுகிறான். இவை நியாயமான புகார்கள்தான்.

கெட்ட வார்த்தைகள் இன்னொரு பிரச்சினை. 1960-ல் அமெரிக்காவின் டல்சா நகரில், மாணவர்களுக்கு இந்த நாவலைப் பாடமாகக் கொடுத்த ஆசிரியர் வேலையை இழந்தார். பிறகுதான் அவர் மீண்டும் சேர்க்கப்பட்டார்.

கொண்டாடுபவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

ஹோல்டனின் தம்பி ஆலி, ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனவன். அன்றிரவு 13 வயது ஹோல்டன், கராஜ் ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் வெறும் கையால் உடைக்கிறான். இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான். இந்த இடம் மனதில் தைத்தவர்களுக்கு, அதன் பிறகு வரும் புலம்பல் எல்லாம் துக்கமாகவே கேட்கும். குளம் உறைந்தால் வாத்துகள் எங்கே போகும் என்று டாக்ஸி டிரைவர்களிடம் அவன் கேட்பதும் அப்போது வேடிக்கையாகத் தெரியாது.

இன்னொரு காட்சி. தங்கை ஃபீபியின் பள்ளிச் சுவரில் யாரோ எழுதிய ஆபாச வார்த்தையைப் பார்த்து ஹோல்டன் பதறுகிறான். சின்னப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதென்று அதை அழிக்கிறான். இன்னொரு இடத்தில் கத்தியால் கீறியிருப்பதை அழிக்க முடியவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று இந்தப் புத்தகத்தை எதிர்த்த பெரியவர்களின் கவலையும் ஹோல்டனின் கவலையும் ஒன்றுதான்!

வயசுதான் காரணமா?

ஓரளவுக்கு ஆமாம். 16 வயதில் படிப்பவருக்கு ஹோல்டன் கூட்டாளி. 25-ல் படித்தால் எரிச்சலூட்டுபவன். பிள்ளை பெற்ற பிறகு படித்தால், "இவனை யாராவது உட்கார வைச்சுப் பேசக் கூடாதா?" என்று தோன்றும். சாலிஞ்சர் இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் தரையிறங்கிய வீரர் என்பது தெரிந்தவர்கள், இதைப் போர் தந்த காயத்தின் கதையாகவும் படிக்கிறார்கள்.

அப்போ, படிக்கலாமா?

படிக்கலாம். முதல் சில பக்கங்களில் எரிச்சல் வந்தால் ஐந்தாம் அத்தியாயம் வரை பொறுத்துப் பாருங்கள். ஆலி வருவது அங்கேதான். அதற்குப் பிறகும் ஹோல்டனைப் பிடிக்கவில்லையா? தாராளமாக மூடி வைக்கலாம், தப்பில்லை.