பல் எடுத்த பின் இல்லத்தில் கவனிக்க வேண்டியவை

பிப்ரவரித் திங்கள் 9 ஆம் நாள் திருச்சபை நினைவுகூரும் புனித அப்பொலோனியாவைப் பல்வலியால் துன்புறுவோரின் பாதுகாவலியாகக் கொள்வது நெடுங்கால மரபு. கி.பி. 249 ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியா நகரில் கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த கும்பல், முதியவரான இக்கன்னியைப் பற்றித் தாடையில் அறைந்து பற்களை உடைத்தது. விசுவாசத்தை மறுக்காவிடில் உயிரோடு எரிப்போம் என்று மிரட்டியபோது அவரே தீயில் பாய்ந்து உயிர் நீத்தார். அந்நாளில் அந்நகரின் ஆயராயிருந்த தியோனீசியுஸ் இதனைக் கடிதத்தில் எழுதினார். யுசேபியுஸ் தமது திருச்சபை வரலாற்றில் அதனைக் காத்து வைத்தார். பிற்காலத்து ஓவியர்கள் இப்புனிதையின் கையில் ஒரு குறட்டையும் அதன் நுனியில் ஒரு பல்லையும் தீட்டியதால், பல் மருத்துவர்களும் அவரைத் தங்கள் பாதுகாவலியாக ஏற்றுக்கொண்டனர்.

குறட்டைக் கண்டு நடுங்கிய காலம் மலையேறிவிட்டது. 1943 இல் சுவீடன் நாட்டில் உருவாக்கப்பட்ட லிடோகெய்ன் என்னும் மருந்தே (நம் மருத்துவமனைகளில் இதனை லிக்னோகெய்ன் என்பர்) இன்று பெரும்பாலும் ஈற்றில் ஊசியாகப் போடப்படுகிறது. பல் வெளிவரும்போது அழுத்தம் தெரியுமேயன்றிப் பெரிய வலி தெரிவதில்லை. மருத்துவரின் நாற்காலியில் நடப்பது அரை மணி நேர வேலை. அதன் பின் வரும் மூன்று நான்கு நாட்களை வீடு எவ்வாறு நடத்துகிறது என்பதில்தான் புண் ஆறுவதும் ஆறாததும் பெரிதும் அடங்கியிருக்கிறது.

இவ்விடத்தில் நம் குடும்பங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காய்ச்சல் கண்டவருக்குப் பாய் விரித்துக் கஞ்சி வைத்துக் கொடுக்கிற வீடு, பல் எடுத்து வந்த தாயை மட்டும் அன்று மாலையே அடுப்படியில் நிற்கவிடுகிறது. "பல்தானே!" என்னும் எண்ணம். அவர் குனிந்து தண்ணீர்க் குடம் தூக்குகிறார். விறகடுப்பு உள்ள வீடாயின் ஊதுகுழலால் ஊதுகிறார். எல்லாரும் உண்டபின் ஆறிப்போனதை உண்டு, மாத்திரையை மறந்து உறங்கிவிடுகிறார். இரவில் தலையணை சிவந்திருக்கக் கண்ட பிறகே வீடு விழித்துக்கொள்கிறது.

குழியில் உறையும் இரத்தம்

பல் இருந்த இடம் வெறும் ஈற்றுக் காயம் அன்று. தாடை எலும்பில் விழுந்த ஒரு குழி. குழியில் ஊறும் இரத்தம் சில நிமிடங்களில் உறைந்து கட்டியாகி, திறந்து கிடக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக்கொள்கிறது. அந்த உறைகட்டியே இயற்கை இட்ட மருந்துக் கட்டு. அதனுள்தான் புதுத் தசை வளர்கிறது. பின்னர்ச் சில மாதங்களில் எலும்பும் நிரம்புகிறது. முதல் நாளில் நாம் கடைப்பிடிக்க வேண்டியவை யாவும் இந்தக் கட்டியைப் பெயர்த்துவிடாமல் காப்பதற்கே.

மருத்துவர் வைத்துவிட்ட பஞ்சையோ மெல்லிய துணி மடிப்பையோ அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து வேறு பஞ்சு வைப்பது பலருடைய பழக்கம். எடுக்கும் ஒவ்வொரு முறையும் உறைந்தது பிய்ந்து வருகிறது என்பதை அவர்கள் உணர்வதில்லை. அடுத்தது, துப்புதல். இரத்தம் கலந்த உமிழ்நீரை விழுங்க அருவருத்து, வாசலுக்கும் அறைக்குமாக நடந்து துப்பிக்கொண்டே இருப்பார்கள். துப்பும்போது வாயினுள் உண்டாகும் இழுவிசை கட்டியைக் குழியிலிருந்து இழுத்துவிடும். மெல்ல விழுங்கிவிடுவதே நல்லது. இதே காரணத்தால் இளநீரை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சலாகாது. டம்ளரில் ஊற்றிப் பருக வேண்டும். முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கவும் கூடாது. பீடி, சிகரெட்டு, வெற்றிலையோடு புகையிலை ஆகியன அறவே வேண்டா. புகை உறிஞ்சுவது கட்டியை அசைப்பதோடு, புண்ணுக்கு வரும் இரத்த ஓட்டத்தையும் குறைத்துவிடுகிறது.

மருத்துவமனையில் நின்றிருந்த இரத்தம் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வீட்டில் மீண்டும் கசியக்கூடும். பலர் இது கண்டு அஞ்சுகிறார்கள். மரத்துப்போகும் ஊசி மருந்துடன் அட்ரினலின் சிறிதளவு சேர்க்கப்படுவது வழக்கம். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். அதன் ஆற்றல் நீங்கியதும் குழாய்கள் விரிய, கசிவு தோன்றுகிறது. உமிழ்நீர் இளஞ்சிவப்பாக ஒரு நாள் முழுவதும் இருப்பது இயல்பே. ஒரு சொட்டு இரத்தம் வாய் நிறைந்த உமிழ்நீரைச் சிவப்பாக்கிவிடும் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். வாய் நிறைய நிறைய இரத்தம் வருமாயின், சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, குழிக்கு மேலாக நிற்குமளவு கனமாக மடித்து வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தபடி அரை மணி நேரம் விடாமல் கடித்திருக்கச் செய்யுங்கள். நனைத்த தேயிலைப் பையும் இதற்கு உதவும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரத்தத்தை உறையச் செய்யும். அதற்கும் நிற்காவிடில், எந்த நேரமாயினும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தயங்கலாகாது.

அன்றிரவு இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுப்பது கசிவையும் வீக்கத்தையும் குறைக்கும். முதல் நாள் கன்னத்தின் மீது வெளிப்புறமாக, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைப்பதும் பத்து நிமிடம் எடுப்பதுமாகச் செய்யலாம். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் கூடி, பிறகு வடியும். முதல் நாளே சூடான ஒத்தடம் கொடுப்பது வீக்கத்தை வளர்க்கும்.

உணவும் உப்பு நீரும்

மரப்பு முற்றும் நீங்கும் வரை எதையும் மென்று உண்ணக் கூடாது. குறிப்பாகச் சிறுவர்களைக் கண்காணிக்க வேண்டும். உணர்வற்ற உதட்டை விளையாட்டாய்க் கடித்துக் கடித்து, மறுநாள் உதடு வீங்கிப் புண்ணாகி நிற்கும் குழந்தைகள் உண்டு. அப்புண்ணுக்குப் பல் மருத்துவர் மீது பழி விழுவதும் உண்டு!

முதல் நாளுக்கு மோர், ஆறிய கஞ்சி, குழைத்த தயிர்ச் சோறு, மசித்த வாழைப்பழம், சூடில்லாத பால் போதும். கொதிக்கும் ரசமும் காப்பியும் உறைகட்டியை இளக்கிவிடும். மறுநாள் முதல் இட்டலி, இடியாப்பம், அவித்த முட்டை என்று மறுபக்கமாக மென்று உண்ணலாம். முறுக்கு, பொரி, வறுத்த கடலை, மீன் முள் ஆகியவற்றைப் பத்து நாட்களேனும் தள்ளி வையுங்கள்.

இருபத்து நான்கு மணி நேரம் கழிந்ததும் உப்பு நீரின் முறை வருகிறது. ஒரு டம்ளர் இளஞ்சூடான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, உண்ட பின்னரும் உறங்கு முன்னரும் வாயில் வைத்துத் தலையை இருபுறமும் சாய்த்து, பிறகு வாயைத் திறந்து தானாக வழியவிட வேண்டும். வேகமாகக் கொப்பளித்து உமிழ வேண்டா. ஒரு வாரம் இவ்வாறு செய்யலாம். மற்றப் பற்களை முதல் நாளிரவே மென்மையான தூரிகையால் துலக்க வேண்டும். புண் இருக்கிறதென்று வாய் முழுவதையும் துலக்காமல் விடுவதால் கிருமியே பெருகும். வேப்பங்குச்சியை நாம் இகழவில்லை. ஆயினும் புண் ஆறும் வரை அப்பக்கத்திற்கு அது ஆகாது.

குழிக்குள் மருந்து வைக்கும் கைகளைத் தடுத்தாக வேண்டும். கிராம்பு எண்ணெய், மஞ்சள் தூள், புகையிலைச் சாறு, சாராயத்தில் நனைத்த பஞ்சு என்று பாட்டிமார் முதல் பக்கத்து வீட்டார் வரை ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து வைப்பாரும் உளர். அது அமிலம், ஈற்றைச் சுட்டு வெளுக்கச் செய்துவிடும். குழிக்குள் எதுவும் போகலாகாது, விரலும் நாவும்கூட. மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்னும் அச்சமும் இன்னும் பல ஊர்களில் நீங்கவில்லை. மேற்பற்களுக்கு உணர்வூட்டுவது முகத்து நரம்பொன்றின் கிளை. பார்வைக்குரிய நரம்பு முற்றிலும் வேறு. இந்த அச்சத்தால் சீழ் பிடித்த பல்லை ஆண்டுக்கணக்கில் வாயில் வைத்திருப்பதே பேராபத்து.

மாத்திரைகளும் மற்ற நோய்களும்

வலி மாத்திரையின் முதல் வேளையை, மரப்பு முற்றும் நீங்கும் முன்னரே கொடுப்பது நலம். பெரும்பாலோருக்குப் பாரசிட்டமால் போதும். ஐபுபுரூபன் வெறும் வயிற்றில் ஆகாது. வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உடையோர் மருத்துவரைக் கேளாமல் அதனைத் தொடவே கூடாது. ஆன்டிபயாட்டிக் மருந்து எல்லாருக்கும் வேண்டுவதன்று. எழுதிக் கொடுத்திருந்தால், வலி நின்றது என்று இரண்டாம் நாளே நிறுத்திவிட்டு எஞ்சியதை அடுத்த பல்வலிக்காக அலமாரியில் சேமிப்பது தவறான சிக்கனம்.

நீரிழிவு உள்ளவர் வாய் வலிக்கிறதென்று உண்ணாமல் இன்சுலினை மட்டும் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடுவார். கஞ்சியேனும் வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பாரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்துகளை உட்கொள்வோர், இரத்தம் கசிகிறதென்று தாமாக அவற்றை நிறுத்திவிடலாகாது. நின்ற மருந்து உயிருக்கே உலையாகலாம். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டோரும், எலும்புத் தேய்வுக்காக அலெண்ட்ரோனேட் மாத்திரையோ சோலெட்ரானிக் அமில ஊசியோ பெறுவோரும் பல் எடுக்குமுன்பே அதனை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முதியோர் தாமாகச் சொல்லமாட்டார்கள். உடன் செல்லும் மகனோ மருமகளோ மருந்துச் சீட்டை எடுத்துச் செல்லட்டும்.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டு முதல் நான்கு நாட்களில், குறைந்து வந்த வலி திடீரென முன்னிலும் கடுமையாகி, காது வரை இழுத்து, வாயில் துர்நாற்றமும் சேருமானால், உறைகட்டி பெயர்ந்து எலும்பு வெளிப்பட்டுவிட்டது என்று பொருள். கீழ்க் கடைவாய்ப் பல் எடுத்தவர்க்கும் புகைப்போர்க்கும் இது மிகுதி. மாத்திரையை மாற்றி மாற்றி விழுங்கிப் பயனில்லை. மருத்துவர் குழியைக் கழுவி மருந்துத் துணி வைத்தால், ஒரு நாளில் பெரிதும் தணியும். மேற்கடைவாய்ப் பல் எடுத்தவர்க்குக் குடித்த நீர் மூக்கின் வழி வந்தால், மேலே உள்ள காற்றறையோடு துளை விழுந்திருக்கிறது. மூக்கைச் சிந்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. தாடைக்கு அடியில் கல்போல் வீங்கி, நாக்கு மேலெழும்பி, வாய் திறக்கவும் விழுங்கவும் இயலாமல், மூச்சும் திணறுவது. 1836 இல் லுட்விக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் விளக்கி எழுதிய இந்நோய், பல்லின் சீழ் கழுத்துக்குப் பரவுவதால் பெரும்பாலும் வருவது. மூச்சுக்குழல் அடைபட்டு மணிக்கணக்கில் உயிர் போகலாம். நாளைக் காலையில் பார்ப்போம் என்று ஒருபோதும் இருந்துவிடாதீர்கள். அப்போதே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மற்றச் சிகிச்சைகளுக்கு இவ்வளவு காவல் தேவையில்லை. பற்காரை நீக்கிச் சுத்தம் செய்தபின் சில நாட்கள் பல் கூசும். அதனால் பல் ஆடிவிடும் என்பது பொய். வேர் சிகிச்சை செய்த பல்லுக்கு உறை போடும் வரை அதனால் கடினமானவற்றைக் கடிக்கலாகாது. புதுப் பல்செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீரில் போட்டால் உருமாறிவிடும்.

நற்கருணை பற்றி

பல் எடுத்த மறுநாள் ஞாயிறாயின், முதியோர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுகிறது. நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாமல் நற்கருணை வாங்கிய தலைமுறை அவர்களது. 1953 இல் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீருக்கு விலக்களித்தார். 1957 இல் நோன்பு மூன்று மணி நேரமாயிற்று. 1964 இல் ஆறாம் சின்னப்பர் அதனை ஒரு மணி நேரமாக்கினார். இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 919 ஆம் பிரிவின்படி தண்ணீரும் மருந்தும் இந்த நோன்பை முறிப்பதில்லை. முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பேணுவோரும் அந்த ஒரு மணி நேரத்திற்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம். ஆகவே மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இரத்தம் இன்னும் கசிந்து உடல் சோர்ந்திருப்பவர் திருப்பலிக்கு வராமல் வீட்டில் இருப்பதும் குற்றமாகாது.

அப்பத்தின் துணுக்கு குழியில் தங்கிவிட்டால் அவமரியாதையாகுமோ என்று அஞ்சி, வாரக்கணக்கில் நற்கருணையை விட்டுவிடும் மூதாட்டிகளும் இருக்கிறார்கள். அப்பத்தின் தோற்றம் நீடிக்கும் வரையே ஆண்டவரின் பிரசன்னம் அதில் நீடிக்கிறது என்பது திருச்சபையின் போதனை. மெல்லிய அப்பமோ உமிழ்நீரில் விரைவில் கரைந்துவிடும். வாய் திறக்க வலிக்கும் எனில் திருப்பலிக்கு முன்பே பங்குக் குருவிடம் சொல்லிவைத்தால், சிறு துண்டாகத் தருவார். அதனை மறுபக்கத்து நாவில் வாங்கி, இடத்திற்குத் திரும்பியபின் உடன் கொண்டுவந்த தண்ணீரை ஒரு வாய் பருகினால் போதும்.