பழைய காரின் தோல் இருக்கையும் எங்கள் ஊசியும்

தையல் பழகிய பெண்களிடம் சட்டையும் பிளவுஸும் தைக்கக் கொடுப்பவர்கள் பலர். கார் இருக்கையைக் கொடுப்பவர்கள் குறைவு. "அது கராஜில ஆம்பிளையள் செய்யிற வேலை" என்ற எண்ணமே காரணம். கிளிநொச்சியில் ஆறு வருடங்களாக இந்த வேலையைச் செய்து என் இரண்டு பிள்ளைகளையும் படிப்பிக்கிறேன். அந்த எண்ணம் பிழை என்று துணிந்து சொல்வேன்.

எங்கள் பகுதியில் பழைய கார்களுக்குத் தனிச் சரித்திரம் உண்டு. மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதுவும் ஒஸ்ரின் ஏ-40 போன்றவையும் வாடகைக் காராகவும் கலியாணக் காராகவும் இங்கு ஓடின. 1990இற்குப் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டவை இவை. 2020இலிருந்து 2025 ஆரம்பம் வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபோது, கொட்டிலில் கிடந்த கார்களுக்கும் மதிப்பு வந்தது.

போன வருடம் ஓர் அம்மா தன் கணவரின் மொறிஸ் மைனரைக் கொண்டுவந்தார். 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது அது திருத்த வேலைக்காக யாழ்ப்பாணத்தில் நின்றது. அதனால் தப்பியது. கணவர் 2009இல் தப்பவில்லை. காரைக் கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விட்டுச் சீவிக்க அவர் நினைத்தார். தோலை எறிந்துவிட்டுப் புது றெக்சின் போடும்படி ஓரிடத்தில் சொன்னார்களாம். "அவர் இருந்த சீற், பிள்ளை. இயலுமான அளவு அதையே வைச்சுத் தா" என்றார்.

முதலில் பார்க்க வேண்டியது

பழைய கார்கள் பலவற்றில் நாம் அமரும் பாகம் மட்டுமே தோல். பக்கங்களும் பின்புறமும் றெக்சின், அதாவது பூச்சுப் பூசிய துணி. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நார்போலச் சொரசொரப்பாக இருந்தால் தோல். துணியின் இழை தெரிந்தால் றெக்சின்.

மடிக்கும்போது தோல் வளைந்தால் காப்பாற்றலாம். வெடித்துப் பொடியாக உதிர்ந்தால் எந்த எண்ணெயும் உயிர் கொடுக்காது. அந்தத் துண்டை மட்டும் மாற்ற வேண்டும். தையல் விட்ட எல்லா இடத்திலும் தோல் பழுது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் நூல்தான் உக்கியிருக்கும்.

வேலை செய்யும் விதம்

பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு, மென்மையான பிரஷால் தட்டுங்கள். மென்மையான சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி இறுகும். பின் தோலுக்குரிய கிறீமை மெல்லியதாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது நாள்பட ஊசல் மணம் கொடுக்கும், தூசியையும் இழுக்கும்.

கிழிசலுக்கு உட்பக்கமாகப் பலமான துணித் துண்டைச் செலுத்தி, காய்ந்தபின்னும் வளையக்கூடிய பசையால் ஒட்டிப் பாரம் வையுங்கள். காய்ந்தபின் நிறம் பூசலாம். பசை வேலைக்கு யன்னலைத் திறந்துவிடுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

தைக்கும்போது குண்டூசி குத்தக் கூடாது. தோலில் விழுந்த துளை மறையாது. உடுப்புக் கிளிப்பால் பிடியுங்கள். தோலுக்குரிய கூர் ஊசியும் நைலோன் அல்லது பொலியெஸ்ரர் நூலும் வேண்டும். தையல் 4 அல்லது 5 மில்லிமீற்றர் நீளமாக இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் முத்திரைத் தாளின் துளைகள்போல அந்த வழியே கிழியும். பல மடிப்புச் சேரும் இடத்தில் மெசின் சில்லைக் கையால் சுற்றுங்கள். பழைய துளைகள் நல்லாயிருந்தால் அவற்றின் வழியே கையால் தைப்பது இன்னும் நல்லது.

உள்ளே ஸ்பிரிங்கின் மேல் புதுச் சாக்கு விரித்து, நைந்த இடத்துக்குச் சுத்தமான காய்ந்த தும்பு வைக்கலாம். பழைய ஸ்பிரிங், கம்பி தேடிக் கண்ணிவெடி அகற்றப்படாத காணிகளுக்கோ கைவிடப்பட்ட வாகனங்களுக்கோ போகாதீர்கள்.

அந்த அம்மாவின் காரில் சாரதி இருக்கையின் நடுத்துண்டைக் காப்பாற்றினேன். உக்கிப்போன ஓரத் துண்டுகளுக்கு, பின் இருக்கையின் மறைவிடத்தில் இருந்த நல்ல தோலை வெட்டிப் போட்டேன். மறைவிடத்துக்கு றெக்சின் போதும். கார் இப்போது கலியாண வீடுகளுக்கு ஓடுகிறது.

கூலியைப் பற்றி

ஆரம்பத்தில் ஒரு கராஜுக்குத் தைத்துக் கொடுத்தேன். வாடிக்கையாளர் கொடுத்ததில் சிறு பங்கே எனக்கு வந்தது. அதுவும் மாதக் கணக்கில் இழுபட்டது. இப்போது கார்ச் சொந்தக்காரரோடு நேரே பேசுகிறேன். பிரிக்க முன் ஒவ்வொரு மூலையையும் போனில் படம் எடுக்கிறேன். என்ன வேலை, எவ்வளவு கூலி, எந்தத் திகதி என்று கொப்பியில் எழுதி இருவரும் கையெழுத்து வைக்கிறோம். பொருட்செலவை முற்பணமாக வாங்குகிறேன்.

சகோதரிகளே, ஒரேயடியாகக் கார் வேலையில் இறங்க வேண்டாம். மோட்டார் சைக்கிள் சீற்றும் முச்சக்கரவண்டி இருக்கையும் எல்லா ஊரிலும் கிழிகின்றன. அவற்றில் கை பழகட்டும். கழற்றிய பழைய துண்டை எறியாமல் வையுங்கள். அடுத்த இருக்கைக்கு அதுவே வெட்டு அளவு.