ஜீப் எந்தப் பக்கம்?

முக்கூர்த்தியில் மூடுபனி வருவது தெரியாது. வந்துவிட்டது என்பதுதான் தெரியும். வரையாடு கணக்கெடுப்புக்குப் போயிருந்தோம். மூன்று மணிக்கு எதிர்மலைப் புல்வெளியில் ஆடுகளை எண்ண முடிந்தது. மூன்றேகாலுக்கு, எனக்கு முன்னால் நடந்த வேட்டைத் தடுப்புக் காவலரின் முதுகுப்பைகூட மங்கிவிட்டது. கொஞ்சம் பெருமையோடுதான் சட்டைப்பையிலிருந்த மஞ்சள் ஜிபிஎஸ் கருவியை எடுத்தேன். காலையில் ஜீப்பை நிறுத்திய இடத்தில் ‘பாயின்ட்’ எடுத்து வைத்திருந்தேன். ஜீப்புக்கு 410 மீட்டர் என்றது திரை. அம்பு இடப்பக்கச் சரிவில் இருந்த சோலைக்காட்டைக் காட்டியது.

“நேரா இறங்கிட்டா பத்து நிமிஷம்தாண்ணா.”

“அங்க சதுப்பு கிடக்கறது அந்தப் பெட்டிக்குத் தெரியுமா சார்? போன மழையில காட்டுமாடே கால் புதைஞ்சு நின்னுச்சு” என்று சொல்லிவிட்டு வலப்பக்கம் திரும்பினார்.

அந்தப் பெட்டிக்கு என்னதான் தெரியும்?

எங்கள் ஊரில் நகராட்சிச் சங்கு காலை ஆறு மணிக்கு ஊதும். கையில் சரியான கடிகாரம் இருந்து, சங்கொலி மூன்று வினாடி பிந்திக் காதில் விழுந்தால், சங்குக்கும் எனக்கும் இடையே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். சங்கை மையமாக வைத்து அந்த அளவுக்கு ஒரு வட்டம் போட்டால், அதன்மேல் எங்கோ நான் இருக்கிறேன். இன்னொரு திசையில் மில் சங்கும் அதே ஆறு மணிக்கு ஊதினால் இன்னொரு வட்டம் போடலாம். வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நான் அகப்பட்டுக்கொள்வேன்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஊதுவது ரேடியோச் சங்கு. தரைக்கு மேலே சுமார் 20,200 கி.மீ. உயரத்தில், ஒவ்வொன்றும் அணுக்கடிகாரங்களைச் சுமந்தபடி, “நான் இன்ன கோள், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது” என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே சுற்றுகிறது. அந்தச் சேதி நம் கைக்கு வந்துசேர ஒரு வினாடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு போதும். அந்தத் தாமதத்தைத்தான் கருவி அளக்கிறது.

சிக்கலும் அங்கேதான். ஒளி ஒரு நானோ வினாடியில் 30 செ.மீ. போய்விடும். கடிகாரம் ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் இடம் 300 மீட்டர் பிசகும். மேலே சுற்றும் கடிகாரங்கள் சார்பியலின்படி நாளுக்கு 38 மைக்ரோ வினாடி முந்தி ஓடும் என்பதால் அதற்கும் சேர்த்துத் திருத்தம் செய்திருக்கிறார்கள். என் கருவிக்குள் இருப்பதோ கைக்கடிகாரத்தில் இருக்கும் வகை குவார்ட்ஸ். ஆகவே மூன்று கோள்கள் போதாமல் நான்காவது தேவைப்படுகிறது. கருவி தன் கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கிறது. எந்த நேரத்தை வைத்தால் நான்கு கணக்குகளும் ஒரே புள்ளியில் ஒத்துப்போகின்றனவோ, அதுதான் சரியான நேரம், அதுதான் சரியான இடம். அணுக்கடிகாரத்தின் துல்லியம் மலிவான பெட்டிக்கு ஓசியில் கிடைக்கிறது. இந்தத் தந்திரத்தை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் ஏற்பாடு. முதல் கோள் 1978-ல் ஏறியது. 1989-ல் மெஜல்லன் நிறுவனம் பொதுமக்களுக்கான கையடக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் 2000-ம் ஆண்டு மே மாதம்வரை, பொதுமக்களுக்கான சிக்னலில் ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்துவந்தது. 100 மீட்டர்வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய கையோடு, மே 3 அன்று ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டுக் காட்டோரம் ஒளித்துவைத்து, அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் அறிவித்தார். சில நாட்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று திறந்தவெளியில் ஐந்து, பத்து மீட்டருக்குள் சொல்லிவிடும்.

ஆனால் காடு திறந்தவெளி இல்லையே. கோள் அனுப்பும் சிக்னலின் பலம் பழைய குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தின் அளவுதான். அத்தனை தொலைவு கடந்து வரும்போது அது காற்றில் கரைந்த முணுமுணுப்பு. நனைந்த இலைக்கூரை அதையும் குடித்துவிடும். பாறைச்சுவரில் பட்டுத் திரும்பினால் தாமதம் கூடி, நாம் இல்லாத இடத்தில் நம்மைக் காட்டும். இடுப்பில் மாட்டிக்கொண்டால் நம் உடம்பே பாதி வானத்தை மறைக்கிறது. முதுகுப்பையின் தோள்பட்டையில் மாட்டுவது நல்லது.

எண்களை எழுதுவதிலும் வம்பு உண்டு. ஒருவர் 10 பாகை 30 கலை என்று சொல்வதை இன்னொருவர் 10.30 பாகை என்று அடித்துவிடுவார். பார்க்க ஒன்றுபோல இருக்கும்; ஆனால் 10.30 பாகை என்பது 10 பாகை 18 கலைதான். பன்னிரண்டு கலை வித்தியாசம், தரையில் 22 கி.மீ.! பழைய டோப்போ ஷீட்டை (நில அளவை வரைபடத்தை) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி: அது 1830-ல் நில அளவையாளர் எவரெஸ்ட் கணக்கிட்ட பூமி வடிவத்தை ஒட்டி வரைந்தது, கருவி டபிள்யூஜிஎஸ் 84 என்ற வடிவத்தை நம்புகிறது. அமைப்பில் மாற்றாவிட்டால் நூறு மீட்டருக்கு மேலும் தள்ளும்.

உயரக் கணக்கு இன்னும் வேடிக்கை. கருவி முதலில் கணக்கிடுவது, வழுவழுப்பான ஒரு கற்பனை நீள்கோளத்திலிருந்து உள்ள உயரத்தை. இந்தியப் பெருங்கடல் பக்கம் ஈர்ப்பு குறைவு என்பதால் நம் கடல்மட்டம் அந்தக் கோளத்துக்கு வெகு கீழே கிடக்கிறது. திருத்தம் போடாமல் காட்டினால், மெரினா மணலில் நிற்கிறவர் கடலுக்குக் கீழே 80 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் இருப்பார்.

கையில் ஜிபிஎஸ் இருந்தால் நம்மைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள் பலர். கருவி கேட்கும், பேசாது. நாம் எங்கே இருக்கிறோம் என்பது கோளுக்குத் தெரியவே தெரியாது. கோள் வழியாகச் சேதி அனுப்பும் கருவிகள் தனி ரகம். உரிமம் இல்லாமல் அவற்றை இந்தியாவுக்குள் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு.

செல்போன் போதாதா என்றால், ஓரளவு போதும். டவர் இல்லாவிட்டாலும் அதன் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை மட்டும் முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். ஆனால் ஈரவிரலுக்குத் தொடுதிரை அடங்காது. சார்ஜ் போனால் கதை முடிந்தது. என் மஞ்சள் பெட்டிக்குச் சுவர்க்கடிகார செல் இரண்டு போதும், ஒரு பகல் முழுக்க ஓடும். மாற்றுச் செல் ஒரு ஜோடி பையில் கிடக்கும்.

எது கையில் இருந்தாலும், கிளம்பும் இடத்தில் பாயின்ட் எடுக்காவிட்டால் அது வெறும் எண்களைக் காட்டும் பொம்மை. நான் இருக்கும் இடம் தெரிந்து என்ன பயன், போக வேண்டிய இடம் அதற்குத் தெரியாவிட்டால்? திசையும் அப்படியே. திசைகாட்டி இல்லாத என்னுடையது போன்ற சாதாரண மாடல், இரண்டு இடங்களை ஒப்பிட்டுத்தான் நாம் போகும் திசையை அறிகிறது. நடந்தால் அம்பு நிற்கும். நின்றால் அம்பு அலையும்.

அன்று சதுப்பைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடந்தோம். 410 மீட்டர், 600 ஆகி, 700 ஆகி, பிறகுதான் இறங்கத் தொடங்கியது. கடைசியில் ஜீப்புக்கு 7 மீட்டர் என்றது திரை. ஜீப்பைக் காணோம். நான் நின்று கருவியை இப்படியும் அப்படியும் திருப்பினேன். அம்பு வட்டமடித்தது.

காவலர் அண்ணன் வாயருகே இரு கைகளையும் குவித்து டிரைவருக்குக் குரல் கொடுத்தார். எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஹாரன் அடித்தது.